ஒப்படைப்பு

மே முப்பத்தொன்று. பட்டியலைத் தட்டச்சு செய்தேன்.
முதல்வர் அறை: கை வைத்த நாற்காலி இரண்டு,
சுவர்க்கடிகாரம் ஒன்று, ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது,
விவிலியம் ஒன்று, அட்டை கிழிந்தது,
பனையோலைக் கொட்டான் ஒன்று.
"இது எதுக்கு?" என்றார் தணிக்கைக்காரர்.
"அழுது துடைத்த காகிதம் போட."
குப்பைக்கூடை என்று அடித்துத் திருத்தினார்.

பத்தொன்பது வருடமாக
அந்தக் கதவுக்கு வெளியே என் மேசை.
உள்ளே பேசியது ஒரு வார்த்தை தெரியாது.
கதவு சாத்தும் சத்தத்தை வைத்துச் சொல்வேன்,
வந்தவர் திரும்ப வருவாரா மாட்டாரா என்று.
பாதிக்குப் பாதி தப்பு.

டாக்டர் மார்சலின் அடைக்கலமேரி
போகுமுன் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து
கோப்புகளைக் கிழித்தார்.
பின்கட்டுச் செம்மண்ணில் தானே தீ வைத்தார்.
அனுமதிக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.
சாம்பலுக்கு நகல் இல்லை.

விழா மலருக்கு ஆளுக்கொரு சம்பவம் கேட்டது குழு.
எழுதத் தெரிந்தவர்களிடம் சம்பவம் இல்லை.
சம்பவம் இருந்தவர்கள்
வந்து போனதையே யாருக்கும் சொல்லவில்லை.
பதினாறு பக்கம் காலியாகக் கிடந்தது.
கடைசியில் காரைக்குடி நகைக்கடை ஒன்றும்
சீப்புச்சீடைக்குப் பேர்போன பலகாரக் கடையும்
முழுப்பக்கம் வாழ்த்தின.
அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.
தேவகோட்டை ரஸ்தாவில் ரயிலேறும்போது
மலரைப் பையில் வைத்தாரா
ஆட்டோவிலேயே விட்டாரா, கவனிக்கவில்லை.

ஜூனில் மூன்று பேர் புதிதாக வந்தார்கள்.
முதல்வர் இன்னாசி பிரபு, பெங்களூரில் இருந்தவர்.
நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பினார்.
கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்தார்.
இரண்டுமே நல்லதாகத்தான் பட்டது.
"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார்.
"நேரத்துக்கு வருவாங்க சார்" என்றேன்.
இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.
நான் சாவிக்கொத்தை நீட்டினேன்.

என்ன சொல்ல?

என் டெனிஸ் திருப்பத்தூர் ரோட்டில் போன வருடம்
எல்லாரும் வசனத்தோடு வந்தார்கள்.
மனத்தைப் படித்த கல்லூரி அல்லவா,
ஆளுக்கொரு வார்த்தை வைத்திருந்தார்கள்.
பதினேழாம் நாள் வேலைக்கு வந்தேன்.
அந்தக் கதவை நான் தட்டவில்லை.
மூன்றரை மணிக்கு அவரே வெளியே வந்து
என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து
ரசீதுப் புத்தகத்தை இழுத்து
மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு
"செங்கோல், ஏழு ரூபாய் இடிக்குதே" என்றார்.

கூட்டினோம். மறுபடி கூட்டினோம்.
விடுதிக் கட்டணம், நூலக அபராதம், தேர்வுக் கட்டணம்.
ஊருணிப் பக்கம் வெயில் இறங்கி
எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் மட்டும்.
அவர் வேறெதுவும் கேட்கவில்லை.
"நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்தார்.
நாளைக்குப் பார்த்தோம். அதற்கு அடுத்த நாளும்.
அந்த ஏழு ரூபாய் கடைசிவரை கிடைக்கவே இல்லை.
தணிக்கையிலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

நேற்று பெனினா,
மூவரில் சின்னவள், இருபத்தாறு வயது,
முதல் ஆளை அனுப்பிவிட்டு வெளியே வந்தாள்.
கையில் அந்தக் கொட்டான், பாதி நிறைந்து.
எங்கே கொட்டுவது என்று கேட்க வந்தவள்
கேட்காமல் நின்றாள்.
கொட்டான் மட்டும் லேசாக ஆடியது.

முதல்வர் வகுப்பில் இருந்தார்.
நேசகுமார் டீ குடிக்கப் போயிருந்தார்.
எனக்கு ஆலோசனை சொல்லத் தெரியாது,
நான் பி.காம்.

பெஞ்சில் கிடந்த பைகளை நகர்த்தினேன்.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.
காலையிலேயே கூட்டி முடித்த பக்கம்,
பைசா பிசகாமல் நேர்.

"இதக் கொஞ்சம் பாருங்கம்மா" என்றேன்,
"ஏழு ரூபாய் இடிக்குது."